எலிசியம்: கேள்வியைக் கைவிட்ட படம்

லாஸ் ஏஞ்சலஸ் நகரம், ஆண்டு 2154. ரோபோக்கள் தயாரிக்கும் ஆலை ஒன்றில் மாக்ஸ் என்பவன் கூலிக்கு வேலை செய்கிறான். காலையில் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கும்போது போலீஸ் ரோபோக்களிடம் ஏதோ கிண்டலாகச் சொல்கிறான்; அவை அவன் கையை உடைத்துவிடுகின்றன. கட்டுப்போட்ட கையோடு வேலைக்கு வந்தால், அங்கே கதிர்வீச்சு அறையின் கதவு சிக்கிக்கொண்டு கிடக்கிறது. உள்ளே போய் எடுத்துவிடு, இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன் என்கிறார் மேற்பார்வையாளர். மாக்ஸ் தயங்குகிறான். பிறகு போகிறான். கதவு விடுபடுகிறது, அவன் உள்ளே மாட்டிக்கொள்கிறான். நினைவு திரும்பும்போது ஒரு இயந்திரம் பக்கத்தில் நிற்கிறது. ஐந்து நாளில் இறந்துவிடுவாய் என்று தகவல் தெரிவிக்கிறது, ஒரு குப்பி மாத்திரையை நீட்டுகிறது, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து கேட்கிறது. பார்க்க வந்த நிறுவனத் தலைவர் கார்லைலுக்கு இருக்கும் ஒரே சந்தேகம், இவன் தோல் உரிந்து படுக்கை விரிப்பு வீணாகிவிடுமோ என்பதுதான். விரிப்பை மாற்றும் செலவு வேண்டாம், ஆளை வெளியே அனுப்பு என்கிறார்.

2013-இல் வெளியான ‘எலிசியம்’ படத்தின் முதல் அரைமணி நேரத்தில் வருகிற காட்சி இது. இந்த ஒரு காட்சியை வைத்துக்கொண்டே படத்தை எழுதிய, இயக்கிய நீல் புளோம்காம்ப் எவ்வளவு கெட்டிக்காரர் என்று சொல்லிவிடலாம். கொடுமைக்காரன் என்று யாரும் இங்கே இல்லை. மேற்பார்வையாளருக்கு உற்பத்தி நிற்கக் கூடாது, இயந்திரத்துக்குக் கையெழுத்து வேண்டும், முதலாளிக்கு விரிப்பு மிச்சமாக வேண்டும். ஆளாளுக்குத் தன் கணக்கைப் பார்க்கிறார்கள், நடுவில் ஒரு மனிதன் செத்துக்கொண்டிருக்கிறான். இப்படித் தொடங்கிய படம் ஒன்றரை மணி நேரம் கழித்து, உலோகச் சட்டகம் பூட்டிய இரண்டு பேர் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வதில் போய் நிற்கிறது. நடுவில் என்ன ஆயிற்று? நடிகர்கள் சரியில்லை, சண்டை அதிகம், வில்லன் கத்துகிறான் என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. அவற்றில் உண்மை உண்டு. ஆனால் அவை எல்லாம் நோயின் அறிகுறிகள். ஏழைக்கும் பணக்காரனுக்கும் நடுவில் இருக்கும் சுவரைப் பிரமாதமாகக் காட்டிய படம், அந்தச் சுவரால் யாருக்கு என்ன லாபம் என்ற கேள்வியைப் பாதி வழியில் கீழே போட்டுவிட்டது. அந்தக் கேள்வி போன பிறகு கதையை நகர்த்தக் கைகலப்பைத் தவிர வேறு எதுவும் மிஞ்சவில்லை.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிவிடலாம். பூமி முழுக்கச் சேரியாகிவிட்டது. பணக்காரர்கள் விண்வெளியில் சுழலும் ராட்சத வளையம் ஒன்றில் குடியேறிவிட்டார்கள், அதுதான் எலிசியம். அங்கே புல்வெளி, நீச்சல் குளம், வெள்ளை மாளிகைகள். வீட்டுக்கு வீடு ஒரு மருத்துவப் படுக்கை. அதில் படுத்தால் சில நொடிகளில் புற்றுநோய்கூடக் குணமாகும். ஆனால் குடியுரிமைக் குறியீடு மணிக்கட்டில் இருந்தால்தான் படுக்கை வேலை செய்யும். சாகக் கிடக்கும் மாக்ஸ் (மாட் டேமன்) எப்படியாவது அங்கே போய்விட நினைக்கிறான். ஆட்களைக் கள்ளத்தனமாக ஏற்றி அனுப்பும் ஸ்பைடர் என்பவனோடு பேரம் நடக்கிறது: கார்லைலின் மூளையில் இருக்கும் தகவல்களைத் திருடிக் கொடுத்தால் பயணம் இலவசம். அந்தத் தகவலோ எலிசியத்தின் ஆட்சியையே கவிழ்ப்பதற்காக, பாதுகாப்புத் துறைத் தலைவி டெலகோர்ட் (ஜோடி ஃபாஸ்டர்) கார்லைலைக் கொண்டு எழுதவைத்த கணினி நிரல். அவள் ஏவிவிடும் கூலிக் கொலையாளி குரூகர் மாக்ஸைத் துரத்துகிறான். கடைசியில் நிரல் இயக்கப்படுகிறது. பூமியில் உள்ள எல்லோரும் ஒரே நொடியில் எலிசியத்தின் குடிமக்கள் ஆகிவிடுகிறார்கள். நிரலைச் சுமந்த மாக்ஸ் இறந்துபோகிறான்.

இதில் ஏமாற்றம் என்று சொல்வதற்குக் காரணம், இந்த இயக்குநர் அதற்கு முன் செய்தது. புளோம்காம்ப் 1979-இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். நிறவெறி ஆட்சியின் கடைசிக் காலத்தைச் சிறுவனாகப் பார்த்தவர். 18 வயதில் கனடாவின் வான்கூவருக்குக் குடிபோனவர். 2009-இல் அவர் எடுத்த ‘டிஸ்ட்ரிக்ட் 9’ படத்துக்கு ஆன செலவு ஏறத்தாழ 3 கோடி டாலர். வசூல் 21 கோடி டாலர். சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் பரிந்துரைகள். ஜோகன்னஸ்பர்க்கின் மேல் ஒரு விண்கலம் வந்து நின்றுவிட, அதிலிருந்து இறங்கிய வேற்றுகிரகவாசிகளை அரசு ஒரு முகாமில் அடைக்கிறது. ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து அவர்களை ஊருக்கு வெளியே துரத்த முடிவெடுக்கிறது. கேப் டவுனில் ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’ என்ற பகுதி 1966-இல் வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவிக்கப்பட்டு, 60,000-க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்ட வரலாறு இந்தக் கதைக்கு அடியில் ஓடுகிறது. படம் பிடித்த இடமும் சொவேட்டோவில் மக்கள் நிஜமாகவே குடியிருந்த குடிசைகள்.

‘டிஸ்ட்ரிக்ட் 9’-இல் மறக்க முடியாதது சண்டையோ விண்கலமோ அல்ல, ஒரு காகிதம். கதைநாயகன் விக்கஸ் கையில் அட்டையும் பேனாவுமாக வீடு வீடாகப் போய், காலி செய்யும் நோட்டீஸில் வேற்றுகிரகவாசிகளிடம் கையெழுத்து வாங்குகிறான். ஒருவன் எரிச்சலில் அந்த அட்டையைத் தட்டிவிட, அந்தக் கீறலே கையெழுத்துதான் என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறான். விரட்டுவது என்று முடிவான பிறகும் சட்டப்படி விரட்ட வேண்டும். கொடுமை நடக்கலாம், கோப்பு சரியாக இருக்க வேண்டும். இந்த வேலையை எடுத்துச் செய்யும் நிறுவனத்துக்கு என்ன ஆதாயம் என்பதையும் படம் மறைக்கவில்லை. வேற்றுகிரகவாசிகளின் ஆயுதங்கள் அவர்களுடைய உடம்புக்கு மட்டுமே இயங்கும். அந்தப் பூட்டைத் திறந்தால் நிறுவனத்துக்குக் கொள்ளை லாபம். முகாம் எதற்கு, பரிசோதனைக்கூடம் எதற்கு, பின்னால் விக்கஸையே ஏன் துரத்துகிறார்கள் என்ற எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கணக்கில் விடை இருக்கிறது. அதனால்தான் அந்தப் படத்தின் கடைசி அரைமணி நேரத் துப்பாக்கிச் சண்டையும் அர்த்தமுள்ளதாகத் தெரிந்தது.

‘எலிசிய’த்துக்கு 11.5 கோடி டாலர் கிடைத்தது. பணம் வீணாகவில்லை என்பதைத் திரையில் பார்க்கலாம். வருங்கால லாஸ் ஏஞ்சலஸாக வருவது மெக்சிகோ நகரம். அதன் போர்தோ போனியெந்தே குப்பைக் கிடங்கிலேயே போய்ப் படம் பிடித்திருக்கிறார்கள். விண்வெளி வளையம் வெறும் கற்பனையல்ல. 1975-இல் நாசா நடத்திய கோடைகால ஆய்வில் வரைந்து பார்க்கப்பட்ட ‘ஸ்டான்போர்ட் டோரஸ்’ என்ற குடியிருப்புத் திட்டத்தின் வாரிசு அது: சுமார் 1.8 கிலோமீட்டர் விட்டமுள்ள வளையம், நிமிடத்துக்கு ஒரு சுற்று, அந்தச் சுழற்சியே ஈர்ப்புவிசையின் இடத்தை நிரப்பும், 10,000 பேர் வாழலாம். ‘பிளேட் ரன்னர்’ படத்தின் நகரத்தை வடிவமைத்த சிட் மீடும் இதில் வேலை செய்தார். தூசியும் துருவும் இவ்வளவு நம்பும்படியாக வந்த அறிவியல் புனைவுப் படங்கள் குறைவு. அதனால்தான், இவ்வளவு கண்ணுக்குத் தெரியும் உலகத்தை ஒரே ஒரு கேள்வி கேட்டால் பொலபொலவென்று உதிர்வது உறுத்துகிறது.

அந்தக் கேள்வி மருத்துவப் படுக்கையைப் பற்றியது. அது மருந்து கேட்பதில்லை, மருத்துவர் கேட்பதில்லை, ஒரு நோயாளிக்கு ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்வதில்லை. கடைசிக் காட்சியில் படுக்கைகள் நிறைந்த கலங்கள் ஏற்கெனவே தயாராக நிற்பதையும், ஆணை வந்தவுடன் பூமிக்குப் புறப்படுவதையும் பார்க்கிறோம். அப்படியானால் இத்தனை நாள் ஏன் அனுப்பவில்லை? செலவு என்றால் யாருக்கு? பற்றாக்குறை என்றால் எதில்? நோயில்லாத தொழிலாளி கார்லைலின் ஆலைக்கு நல்லதுதானே. மாக்ஸைக் குணப்படுத்தி மறுநாளே வேலைக்கு வரச் சொல்லியிருந்தால் விரிப்பும் மிச்சம், ஆளும் மிச்சம். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று படுக்கையை வாடகைக்கு விட்டிருந்தால்கூட ஒரு பெரும் தொழில் நடந்திருக்கும். உண்மையான முதலாளி எவனும் இதை யோசிக்காமல் இருக்க மாட்டான். படமோ யோசிக்கவே இல்லை. எலிசியத்தார் தர மறுக்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் கெட்டவர்கள். அவ்வளவுதான் விளக்கம்.

மருந்து இருந்தும் கிடைக்காமல் மக்கள் சாவது எப்படி நடக்கும் என்பதற்கு உதாரணம் தேடி புளோம்காம்ப் விண்வெளிக்குப் போயிருக்க வேண்டியதில்லை. பிறந்த நாட்டிலேயே இருந்தது. 1990-களின் பிற்பகுதியில் எய்ட்ஸ் நோயைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துகள் வந்துவிட்டன. ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் விலை. மலிவான மருந்தை வெளியிலிருந்து வரவழைக்க வழிசெய்யும் சட்டத்தைத் தென்னாப்பிரிக்கா 1997-இல் கொண்டுவந்தது. மறு ஆண்டே சுமார் 40 மருந்து நிறுவனங்கள் சேர்ந்து அரசின் மேல் வழக்குப் போட்டன. 2001 பிப்ரவரியில் இந்திய நிறுவனமான சிப்லா அதே கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. அப்போதுதான் விலையில் பெரும்பங்கு மருந்தைச் செய்யும் செலவல்ல என்பது ஊருக்கே வெளிச்சமானது. உலகம் முழுக்க எழுந்த எதிர்ப்பில் ஏப்ரலில் நிறுவனங்கள் வழக்கை வாபஸ் வாங்கின. இங்கே யாரும் படத்தில் வருவதுபோலத் தோளில் ஏவுகணை வைத்து ஏழைகளைச் சுட்டு வீழ்த்தவில்லை. காப்புரிமை, ஆய்வுச் செலவு, பங்குதாரர் நலன் என்று கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் வாதங்களோடு கோட்டுப் போட்டவர்கள் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். இந்த நியாயமான குரல்தான் எலிசியத்தில் எங்கேயும் ஒலிக்கவில்லை.

இல்லை, ஒலிக்கிறது, ஒரே ஒரு இடத்தில். கள்ளத்தனமாக வந்த கலங்களைச் சுட்டு வீழ்த்தியதற்காக டெலகோர்ட்டை அதிபர் கண்டிக்கிறார். (அதிபர் பெயர் பட்டேல், எலிசியம் வெள்ளைக்காரர் கோட்டை மட்டும் அல்ல என்று இயக்குநர் போகிற போக்கில் வைத்த நல்ல குத்து.) உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். பிள்ளைகளுக்கென்று கட்டிய வீட்டை நாளை பறிக்க வருவார்கள், அன்றைக்கு உங்கள் தேர்தல் வாக்குறுதிகள் அல்ல, நான்தான் தடுப்பேன் என்கிறாள். வேலி போட்ட குடியிருப்பில் வீடு வாங்கும் நடுத்தர வர்க்கத்துக்குக்கூட இந்தப் பேச்சு எங்கோ தைக்கும். இவளோடு வாதம் செய்யப் படத்தில் ஒருவர் இருந்திருந்தால் கதை எங்கோ போயிருக்கும். ஆனால் வாதம் அங்கேயே முடிகிறது. பிறகு அவள் செய்வது சதி. சதிக்குத் தண்டனை, குரூகர் கையால் கழுத்தில் கண்ணாடிச் சில்லு. கார்லைலின் கதி இதைவிட மோசம். படத்தில் வரவுசெலவு பார்க்கும் ஒரே பாத்திரம் அவர். அவர் ஏன் இந்தச் சதிக்கு ஒப்புக்கொள்கிறார் தெரியுமா? நிறுவனத்துக்கு நீண்டகாலப் பாதுகாப்பு ஒப்பந்தம் கிடைக்கும் என்பதற்காக. அதாவது பூமியில் அமைதியின்மை தொடர்வதில்தான் அவருக்கு வியாபாரம். அருமையான இழை. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு படமே எடுக்கலாம். பாதிப் படத்தில் அவர் குண்டடிபட்டுச் செத்துப்போகிறார், அவரோடு அந்த இழையும் அறுந்துபோகிறது.

கணக்குப் பார்ப்பவர்கள் போய்விட்டால் எதிரியாக யாரை நிறுத்துவது? ஷார்ல்டோ கோப்ளி நடித்த குரூகரை. கோப்ளி கெட்டிக்கார நடிகர். ‘டிஸ்ட்ரிக்ட் 9’-இன் விக்கஸ் அவர்தான். இங்கே அவருக்குக் கொடுத்திருப்பது வெறி பிடித்த ஒரு கொலைகாரன். அவனுக்கும் எலிசியத்தின் அநீதிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நாளைக்கே சமத்துவம் வந்தாலும் அவன் கொலைகாரனாகத்தான் இருப்பான். கையெறி குண்டில் முகமே சிதைந்துபோன அவனை மருத்துவப் படுக்கை மறுபடி உயிர்ப்பித்து எழுப்புகிறது. இறுதிச் சண்டைக்கு ஆள் வேண்டும் அல்லவா. அந்தச் சண்டையில் மாக்ஸ் ஜெயிப்பதால் உலகத்தில் எதுவும் மாறுவதில்லை. மாற்றம் வருவது வேறு ஒரு அறையில், ஸ்பைடர் விசைப்பலகையில் தட்டும்போது. வீட்டுக் கணினி உறைந்துபோனால் அணைத்துவிட்டு மறுபடி போடுகிறோமே, அதைப் போலத்தான் எலிசியத்தின் அநீதியும் அணைந்து எரிகிறது. ‘சட்டவிரோதம்’ என்ற வார்த்தையை அழித்துவிட்டு ‘சட்டப்படி’ என்று எழுதிவிட்டால் முடிந்தது.

இவ்வளவு கறாராகப் பார்க்க வேண்டுமா, இது ஆக்‌ஷன் படம்தானே, பொருளாதாரப் பாடமா என்று கேட்பார்கள். கேட்பது நியாயம். ஆனால் கணக்கைக் காட்டினால் விறுவிறுப்பு குறைந்துவிடும் என்பதற்குச் சான்று இல்லை. அதே 2013-இல் தென்கொரிய இயக்குநர் போங் ஜூன்-ஹோ ‘ஸ்னோபியர்சர்’ எடுத்தார். ஏறத்தாழ 4 கோடி டாலர் செலவு. உலகம் பனியில் உறைந்துவிட, மிச்சமிருக்கும் மனிதர்கள் ஓயாமல் ஓடும் ஒரு ரயிலில் வாழ்கிறார்கள். கடைசிப் பெட்டியில் ஏழைகள், முன்பெட்டிகளில் பணக்காரர்கள். பெட்டி பெட்டியாக வெட்டிக்கொண்டு முன்னேறும் கலகம்தான் கதை. கோடரிச் சண்டைக்குக் குறைவே இல்லை. ஆனால் எஞ்சினை அடைந்ததும் கதைநாயகனுக்குக் காத்திருப்பது வில்லன் அல்ல, ஒரு கணக்கு. தேய்ந்துபோன ஓர் உதிரிப் பாகத்துக்கு மாற்று இல்லை. அந்த இடுக்கில் நுழையக்கூடிய சின்னக் குழந்தைகள் கடைசிப் பெட்டியிலிருந்து எடுத்துவரப்படுகிறார்கள். ரயிலின் மக்கள்தொகையைக் குறைக்கக் கலகமே திட்டமிட்டு மூட்டப்பட்டது என்பதும் அங்கேதான் தெரிகிறது. ஏழைகள் எதற்காகத் தேவைப்படுகிறார்கள் என்ற கேள்விக்கு அந்தப் படத்தில் உறைய வைக்கும் பதில் உண்டு. ‘எலிசிய’த்தில் பூமிவாசிகள் இன்று இரவே மறைந்துவிட்டாலும் மேலே இருப்பவர்களுக்கு என்ன நஷ்டம் என்று தெரியாது. ரோபோக்களே எல்லா வேலையும் செய்யும் காலத்தில் ரோபோ ஆலைக்கு மட்டும் மனிதக் கை ஏன் வேண்டும் என்பதும் தெரியாது.

இன்னொரு தரப்பு நேர் எதிராகப் பேசியது. படத்தில் அரசியல் அதிகம், பிரசாரம் தூக்கல், அதனால்தான் சலித்தது என்றார்கள். அமெரிக்க எல்லையைக் கடக்கும் மெக்சிகோ மக்களின் கதையை அப்படியே வானத்தில் ஏற்றியிருக்கிறார், ஸ்பைடர் ஆள்கடத்தும் தரகன், மருத்துவக் காப்பீட்டுச் சண்டைதான் படுக்கை என்றார்கள். ஒப்பீடுகள் சரி. ஆனால் அது அரசியல் அதிகமானதால் வந்த சலிப்பு அல்ல. அரசியலில் எதிராளிக்கும் ஒரு காரணம் இருக்கும், நம் ஆட்களுக்குள்ளும் பிளவு இருக்கும், ஒன்றைப் பெற இன்னொன்றை விட வேண்டியிருக்கும். இந்தப் படத்தில் அதெல்லாம் இல்லாததால்தான் அது பிரசாரம்போல ஒலிக்கிறது. வசூலைக் காட்டி வாயடைக்கவும் முடியும்: உலக அளவில் 28.6 கோடி டாலர், விமர்சகர்களிலும் பாதிக்கு மேல் நல்லதாகவே எழுதினார்கள். படம் தோல்வி என்று இங்கே சொல்லவில்லை. இப்படிப்பட்ட முதல் அரைமணி நேரத்தை எழுதத் தெரிந்தவரின் படம் இது என்பதுதான் குறை.

முடிவைப் பற்றி ஒரு சமாதானம் உண்டு: எல்லோருக்கும் மருத்துவம் என்ற கனவைக் காட்டுவதே போதாதா, நம்பிக்கை தருவது குற்றமா? குற்றமில்லை. ஆனால் கதவு திறந்த மறுநாள் என்ன நடக்கும் என்பதற்கும் தென்னாப்பிரிக்காவில் விடை இருக்கிறது. 2001-இல் நிறுவனங்கள் பின்வாங்கிய பிறகும் மருந்து நோயாளிகளின் கைக்கு வந்துவிடவில்லை. எச்.ஐ.வி. கிருமிதான் எய்ட்ஸுக்குக் காரணமா என்றே சந்தேகம் கிளப்பிய அதிபர் தாபோ உம்பெக்கியின் அரசு தயங்கியது. தாயிடமிருந்து குழந்தைக்கு நோய் பரவாமல் தடுக்கும் மருந்தைக் கொடுக்கும்படி 2002-இல் அரசியல் சாசன நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. அந்தத் தாமதத்தால் 2000 முதல் 2005 வரை 3,30,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் பின்னர் மதிப்பிட்டார்கள். பூட்டைத் திறந்தவர்களே, அந்தச் சட்டத்துக்காக வழக்கைச் சந்தித்த அரசே, அடுத்த பூட்டாக நின்றது. இதில் கதை இல்லையா? படுக்கைகளோடு கலங்கள் வந்து இறங்குகின்றன, குழந்தைகள் ஓடி வருகிறார்கள் என்று படம் முடிக்கும் இடத்தில்தான் அந்தக் கதை தொடங்குகிறது. வரிசையை யார் ஒழுங்கு செய்வார்கள், முதலில் யார், பழுதானால் யார் பார்ப்பது, கார்லைலின் நிறுவனம் அடுத்த மாதம் என்ன கட்டணம் கேட்கும்?

2015-இல் புளோம்காம்ப் தானே ஒரு பேட்டியில், ‘எலிசிய’த்தைக் கெடுத்துவிட்டதாக ஒளிவுமறைவின்றிச் சொன்னார்; அடிப்படை எண்ணம் நன்றாகத்தான் இருந்தது, திரைக்கதைதான் சரியாக அமையவில்லை என்றும், முடிந்தால் மறுபடி எடுக்க ஆசை என்றும் சொன்னார். தயாரிப்பாளர் மேலோ ஸ்டுடியோ மேலோ பழியைத் தள்ளாமல் இப்படிப் பேசும் இயக்குநர்கள் அபூர்வம். ஆனால் திரைக்கதை என்று பொதுவாகச் சொன்னால், சண்டையைக் குறைத்து உணர்ச்சியைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று தோன்றும். அது போதாது. மறுபடி எடுக்கும் நாள் வந்தால், குரூகரை முழுவதும் வெட்டிவிட்டு, கார்லைலைக் கடைசி வரை உயிரோடு வைத்திருந்து, ஒரு படுக்கையைப் பூமிக்கு அனுப்ப ஆகும் செலவையும் அனுப்பாமல் இருப்பதில் வரும் வரவையும் அவர் எலிசியத்தின் நல்ல மனிதர்களிடம் எடுத்துச் சொல்லும் இரண்டு காட்சிகளை எழுத வேண்டும். அவர்களும் அதைக் கேட்டு, பிள்ளைகளை நினைத்துக்கொண்டு, கை தூக்கி ஆமோதிக்க வேண்டும்.